என் கோப்பின் முடிச்சு

பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் தேர்வுக் குழுக்களிலும் பதவி உயர்வுக் குழுக்களிலும் அமரும் பெருமக்களுக்கு,

வணக்கம்.

உயிர்வேதியியல் துறையில் 23 வருடமாகப் பாடம் நடத்துகிறேன். மொச்சைக் கொட்டையில் டிரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கிற புரதம் ஒன்று உண்டு. அதைப் பிரித்தெடுப்பதும் அளப்பதும் குடைந்து பார்ப்பதும்தான் என் ஆராய்ச்சி. சில வருடங்களுக்கு முன்னால் பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்காணல் ஒன்றுக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது இந்த மடலுக்குத் தேவையில்லை. விண்ணப்பத்தோடு கட்டுரைகளில் சிறந்த மூன்றை முழுசாக இணைக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு வாரம் யோசித்து மூன்றைப் பொறுக்கி, அட்டைக் கோப்பில் வைத்து, பச்சை நாடாவால் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். அம்மா முறுக்கு டப்பாவுக்குப் போடுகிற முடிச்சு அது. இழுத்தால் வராது, நகத்தால் நெம்பித்தான் அவிழ்க்க வேண்டும்.

நேர்காணல் 11 நிமிடம் நடந்தது. எதிரே ஐந்து பேர். ஒருவர் கைப்பேசியில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைத் திறந்து என் பெயரைத் தட்டினார். "மேடம், எச்-இண்டெக்ஸ் ஏழுதானா?" என்றார். ஆமாம் என்றேன். "சைட்டேஷன் எல்லாம் சேர்த்தே இருநூறு தாண்டல போலிருக்கே." அதற்கும் ஆமாம் என்றேன். (சைட்டேஷன் என்றால் மேற்கோள், ஒரு கட்டுரையை மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் எடுத்துக் காட்டுவது. எச்-இண்டெக்ஸ் அதிலிருந்து போடுகிற கணக்கு, விதியைப் பின்னால் சொல்கிறேன்.) பக்கத்திலிருந்தவர், "கொஞ்சம் ஹை இம்பாக்ட் ஜர்னல்ல முயற்சி பண்ணியிருக்கலாமே மேடம்" என்று அன்பாகவே சொன்னார். மொச்சையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. டீ வந்தது. நன்றி சொல்லி எழுந்தேன். மூன்று வாரம் கழித்துக் கோப்பு அலுவலகம் வழியாகத் திரும்பி வந்தது. முடிச்சு நான் போட்டபடியே இருந்தது.

பதவி உயர்வு கிடைக்காத ஆற்றாமையில் எழுதுகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். பாதி உண்மைதான். மீதிப் பாதிக்காகத்தான் இந்த மடல். நீங்கள் கைப்பேசியில் பார்க்கிற அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டுவதற்கு எங்கள் துறையைவிடத் தோதான துறை கிடையாது. உலகத்தில் இதுவரை வந்த அறிவியல் கட்டுரைகளில் அதிக மேற்கோள் வாங்கியது ஒரு புரத உயிர்வேதியியலாளரின் கட்டுரை. இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும்கூடப் புரதத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான். அந்த மூவரையும், கூடவே சென்னையிலிருந்து ஒருவரையும், உங்கள் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஆலிவர் லௌரி.

தமிழ்நாட்டில் உயிர்வேதியியல் படித்த யாரிடம் வேண்டுமானாலும் 'லௌரி மெத்தட்' என்று சொல்லிப் பாருங்கள், கண்ணில் நீலம் தெரியும். ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற முறை அது. ஆறேழு டெஸ்ட் டியூபில் மாட்டு இரத்தத்தின் ஆல்புமினை ஏறுமுகமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் சோடியம் கார்பனேட்டும் காஸ்டிக் சோடாவும், டார்ட்ரேட்டில் கரைத்த மயில்துத்தம் கொஞ்சமும் சேர்ந்த கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அடுத்து ஃபோலின் ரீஜென்ட். பிள்ளைகள் கோட்டை விடுகிற இடம் இதுதான். அந்த மஞ்சள் திரவம் காரத்தில் விழுந்த கொஞ்ச நேரத்தில் வீரியம் இழந்துவிடும். ஊற்றிய கையோடு குலுக்க வேண்டும். ஊற்றிவிட்டுப் பக்கத்து டேபிளில் கதை பேசப் போனால் ஸ்டாண்டர்ட் கிராஃப், அதாவது அளவு தெரிந்த ஆல்புமினை வைத்து வரைகிற ஒப்பீட்டுக் கோடு, கோணல் மாணலாக வரும். சரியாகச் செய்தால் அரை மணியில் இளநீலத்திலிருந்து அடர் நீலம் வரை டியூபுகள் வரிசையாக நிற்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த வரிசை எனக்கு அலுத்ததில்லை. ஒரு குறை உண்டு. புரதத்தோடு, கரைசலின் அமிலத்தன்மை மாறாமல் இருக்கச் சேர்க்கிற டிரிஸ் பஃபரோ, டிடர்ஜென்ட்டோ, மெர்காப்டோ எத்தனாலோ கலந்திருந்தால் அளவு பொய் சொல்லும். இதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிறேன்.

லௌரியும் உடன் மூவரும் இதை எழுதியது 1951-ல், 'ஜர்னல் ஆஃப் பயலாஜிகல் கெமிஸ்ட்ரி' என்ற இதழில். மொத்தம் 11 பக்கம். 2014-ல் 'நேச்சர்' இதழ் அதிக மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகளைப் பட்டியல் போட்டபோது இதற்கு 3,05,000-க்கு மேல் கணக்கு வந்தது. அந்தக் கணக்கை எடுத்த 'வெப் ஆஃப் சயின்ஸ்' தரவுத்தளத்தில் அப்போது இருந்தவை சுமார் 5 கோடியே 80 லட்சம் பதிவுகள். அவற்றில் பாதிக்கு நெருக்கமானவை ஒரே ஒரு மேற்கோள் பெற்றவை, அல்லது அதுகூட இல்லாதவை. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக்கின் 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை முதல் நூறில் இல்லவே இல்லை. நூறாவது இடத்துக்கே 12,000 மேற்கோளுக்கு மேல் வேண்டியிருந்தது.

வாட்சன், கிரிக்கைவிட லௌரி பெரிய ஆளா? அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். லௌரியே சொல்லவில்லை. அது ஒன்றும் மகத்தான கட்டுரை இல்லை, தன்னுடைய வேறு பல கட்டுரைகள்தான் தனக்கு நிறைவு தந்தவை, ஆனாலும் இத்தனை பேர் எடுத்தாள்வதில் உள்ளூர ஒரு குஷி இருக்கிறது என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். புதிதாக ஏதாவது செய்கிறவர்கள் யாராவது ஒருவருடைய முறையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும், அதற்கு மரியாதையாகப் பெயர் சொல்கிறார்கள் என்பது அவர் தந்த விளக்கம். கல்யாண வீட்டில் அரிசி அளந்த படி யாருடையது என்று சொல்வதுபோல. படியைப் பற்றிய பேச்சிலிருந்து சாப்பாட்டின் ருசி தெரியாது. அதற்காகப் படி இல்லாமல் சமைக்கவும் முடியாது.

அவருக்கு நிறைவு தந்தவை எவை? இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்கள் கைப்பேசித் திரையில் இது வரவே வராது. லௌரி 1910-ல் சிகாகோவில் பிறந்தவர். 1939-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்துக்குப் போனார். கொஞ்சூண்டு திசுவில் பெரிய அளவீடுகளைச் செய்கிற வித்தை அங்கேதான் கைவந்தது. பிறகு நியூயார்க்கில், ஒரு சொட்டு இரத்தத்திலேயே ஊட்டச்சத்துக் குறைபாட்டை அளக்கிற முறைகளை உருவாக்கினார். விரல் நுனியில் குத்தி எடுத்தால் போதும், பள்ளிப் பிள்ளைகளையே வரிசையாகச் சோதித்துவிடலாம். 1947-ல் செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறைக்குத் தலைவரானார். அங்கே அவர் எடை போட்டது ஒற்றை நரம்புச் செல்லை. குவார்ட்ஸை முடியைவிட மெல்லிய இழையாக இழுத்து, தூண்டில் கழிபோல ஒரு முனையை மட்டும் பொருத்தி, காற்றுப் படாத பெட்டிக்குள் வைப்பார்கள். உறையவைத்து உலர்த்திய மூளைத் துணுக்கிலிருந்து பிரித்தெடுத்த ஒரு செல்லை அந்த இழையின் நுனியில் ஏற்றுவார்கள். இழை எவ்வளவு வளைகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தால் எடை தெரிந்துவிடும். தும்மினால் அன்றைய வேலை போச்சு. அந்தச் செல்லுக்குள் இருக்கிற நொதிகளையும் வேதிப்பொருள்களையும் அளக்க, ஒரு வினையைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கிக் காட்டும் உத்தியையும் கொண்டுவந்தார். இரத்த ஓட்டம் நின்றதும் மூளை தன் கையிருப்பை எப்படிச் செலவழிக்கிறது என்பதை நொடிக் கணக்கில் அளந்தவர் அவர். இதற்கெல்லாம் கிடைத்த மேற்கோள்களை ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த நீலக் கரைசலுக்குப் பக்கத்தில் வராது.

நம் ஊர் விதிப்படி அந்த நீலக் கட்டுரைக்கு எவ்வளவு தேறும் என்று ஒரு நாள் விளையாட்டாகக் கணக்குப் போட்டேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் (அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாக வருகிற மேற்கோள்) 2 முதல் 5 வரை என்றால் 20 புள்ளி, 5 முதல் 10 வரை என்றால் 25 புள்ளி, 10-ஐத் தாண்டினால் 30 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். லௌரி எழுதிய இதழ் அண்மை ஆண்டுகளில் நான்குக்கும் ஐந்துக்கும் அக்கம்பக்கமாக ஊசலாடுகிறது. ஆக 20 அல்லது 25. இரண்டு பேருக்கு மேல் எழுதிய கட்டுரை என்பதால் முதன்மை ஆசிரியருக்கு 70 விழுக்காடு, மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடு. நைரா ரோஸ்பரோ, லூயிஸ் ஃபார், ரோஸ் ராண்டால் என்ற அந்த மூவர், மூன்று லட்சம் தடவை அச்சில் வந்த மேற்கோளின் பங்காளிகள், உங்கள் அட்டவணையில் ஆளுக்குச் சில புள்ளியோடு நிற்பார்கள். இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஒரு இதழின் சராசரி என்பதையும், வகுப்புச் சராசரியை வைத்து ஒரு மாணவிக்கு யாரும் மார்க் போடுவதில்லை என்பதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் எனக்கே பாடம் எடுத்தவர்கள்.

லௌரியின் கட்டுரையைத் திறந்து படித்தால் இன்னொன்றும் கிடைக்கும். முதல் வரியே வூ என்பவரின் பெயரோடுதான் தொடங்குகிறது. புரதத்தை அளக்க ஃபோலின் ரீஜென்டைப் பயன்படுத்தலாம் என்று 1922-லேயே சொன்ன சீன உயிர்வேதியியலாளர் ஷியன் வூ. இரத்தச் சர்க்கரைக்கு 'ஃபோலின்-வூ' முறை என்று படித்தோமே, அந்த வூ. சூடுபட்ட முட்டை வெள்ளை ஏன் இறுகுகிறது, புரதம் தன் மடிப்பை இழப்பது என்றால் என்ன என்று 1931-லேயே தெளிவாக எழுதியவரும் இவர்தான். லௌரி தன் கடனை முதல் வரியிலேயே தீர்த்துவிட்டார். ஆனால் லௌரியை மேற்கோள் காட்டிய லட்சக்கணக்கானவர்களில் முக்காலே மூணுவீசம் பேர் அந்த முதல் வரியைப் படித்திருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுவேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது பக்க எண்தான். வகுப்பிலேயே கேட்டுப் பார்த்திருக்கிறேன். லௌரியின் கட்டுரையை ஆய்வேட்டில் குறிப்பிட்ட மாணவர்களில் அதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. முந்தைய மாணவரின் ஆய்வேட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். வாங்கிக்கொண்ட இடத்தில் எழுத்துப்பிழை இருந்தால் அதையும் சேர்த்தே எடுத்திருந்தார்கள்.

அடுத்த நாற்காலியில் உல்ரிக் லேம்லி. அதே 2014 பட்டியலில் இரண்டாம் இடம், 2,13,000-க்கு மேல். புரதங்களை ஜெல் என்ற கூழ்த்தகட்டில் ஓட்டி அளவுவாரியாகப் பிரிக்கிற முறை இன்றைக்கு உலகம் முழுக்க நடப்பது இவர் வழியில்தான். 1970-ல் 'நேச்சர்' இதழில் இவர் தனி ஆளாக எழுதிய அந்தக் கட்டுரையின் தலைப்பில் ஜெல் என்ற சொல்லே கிடையாது. டி4 என்ற வைரஸின் தலைப்பகுதி கட்டப்படும்போது அதன் புரதங்கள் எப்படி வெட்டுப்படுகின்றன என்பதுதான் விஷயம். உலகம் எடுத்துக்கொண்ட ஜெல் முறை, படத்தின் கீழே சின்ன எழுத்தில் வருகிற குறிப்பில் இருக்கிறது. சாப்பாட்டை விட்டுவிட்டு வாழையிலையைப் பாராட்டிவிட்டுப் போன கதை. வைரஸுக்காக அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. எண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது மேரியன் பிராட்ஃபோர்ட், 1,55,000-க்கு மேல். 1976-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே ஆளாக எழுதிய, புரதம் அளக்கிற இன்னொரு முறை. கூமாசி நீலம் என்ற சாயம் புரதத்தோடு ஒட்டியதும் பழுப்பிலிருந்து நீலமாக மாறும், சில நிமிடங்களில் வேலை முடிந்தது. (கம்பளிக்குச் சாயம் போடக் கொண்டுவந்த பொருள் அது. கானா நாட்டுக் குமாசி நகரத்தின் பெயர்தான் வியாபாரப் பெயராக அதில் ஒட்டிக்கொண்டது. என் மாணவர்கள் கூமாசி என்று யாரோ விஞ்ஞானி இருந்ததாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.)

பிராட்ஃபோர்டை வைத்து எச்-இண்டெக்ஸ் கணக்கைப் பாருங்கள். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் கொண்டுவந்த அந்த எண்ணின் விதி எளிது. குறைந்தது ஏழு மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் ஏழு இருந்தால் எண் ஏழு. அப்படியென்றால் ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதற்கு ஒன்றரை லட்சம் மேற்கோள் வந்தாலும் அவருடைய எச்-இண்டெக்ஸ் ஒன்றுதான். தலா ஏழு மேற்கோளோடு ஏழு கட்டுரை எழுதிய நான் அவரை ஏழு மடங்கு மிஞ்சிவிடுவேன். அந்தக் கைப்பேசிக்காரர் முன்னால் பிராட்ஃபோர்டின் அந்த ஒற்றைக் கட்டுரையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் போயிருந்தால், டீ வருவதற்கு முன்பே எழுந்து வந்திருப்பார்.

நான்காவது நாற்காலிதான் எனக்கு முக்கியம். அதில் உட்காருகிறவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன்.

அவர் அந்தப் பதவிக்கு வந்த விதமே உங்களைப் போன்ற குழுக்களுக்கு வேண்டிய கதை. 1952-ல் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் அந்த இடத்துக்கு சர் சி.வி. ராமனைத்தான் கூப்பிட்டார். ராமன் தான் வர மறுத்து, தன் மாணவர் ராமச்சந்திரனைச் சொன்னார். அவர் அப்போது 30 வயதை ஒட்டியவர். சென்னைக்கு வந்த புதிதில், இங்கே வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னாலிடம் பேசும்போது, கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்ற பேச்சு வந்தது. கொலாஜன் என்பது தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கிற புரதம். கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் மூன்று இழை வடிவத்தை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அடுத்த வருடமே அதைச் சுருண்ட முப்புரி வடிவமாகத் திருத்தினார்கள். வெளிநாட்டிலிருந்து எதிர்ப்பு வந்தது. உங்கள் மாதிரியில் சில அணுக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவு நெருங்க முடியாது என்று கிரிக் தரப்பு சொன்னது.

இதற்கு ராமச்சந்திரன் சுடச்சுடப் பதில் கட்டுரை போட்டு எண்ணிக்கையை ஏற்றவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று, அதுவரை படிக அமைப்பு தெரிந்திருந்த சிறிய மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்து அளக்க ஆரம்பித்தார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டு, ஃபை, சை. எந்தெந்தக் கோணச் சேர்க்கையில் அணுக்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்கும் என்று ஒரு சதுரத்தில் வரைந்தார்கள். பெரும்பகுதி வெள்ளையாகக் கிடந்தது, அங்கே புரதம் போக முடியாது. போகக்கூடிய இடம் இரண்டு மூன்று தீவுகள் மட்டும். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-ல் 'ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி'யில் இதை எழுதினார்கள். ஐந்தே பக்கம். எதிர்ப்பு வந்ததற்கும் படம் வந்ததற்கும் நடுவே ஏறத்தாழ எட்டு வருடம்.

இன்று உலகப் புரதத் தரவு வங்கியில் இரண்டு லட்சத்துக்கு மேல் வடிவங்கள் இருக்கின்றன. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது வருகிற தர அறிக்கையில் ராமச்சந்திரன் படத்தில் எத்தனை கண்ணிகள் வெளியே விழுகின்றன என்று ஒரு வரி கட்டாயம் உண்டு. கணினி ஊகித்துத் தருகிற வடிவத்தையும் இதே சல்லடையில்தான் சலிக்கிறோம். ஆனால் அந்தப் படத்தை வரைகிறவர்களில் பலர் 1963 கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. 'ராமச்சந்திரன் பிளாட்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பழமொழிக்கு யார் அடிக்குறிப்புப் போடுகிறார்கள்? எல்லோருக்கும் சொந்தமாகிவிட்ட அறிவின் மூலத்தைச் சொல்வது நின்றுபோகும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சொன்னதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். லௌரிக்கு ஒவ்வொரு பயன்பாடும் ஒரு மேற்கோளாகக் கணக்கில் ஏறியது. ராமச்சந்திரனுக்குப் பெயர் பெருகப் பெருக மேற்கோள் கழன்றுகொண்டது. உங்கள் எண் இந்த இருவரையும் ஒரே தராசில் நிறுத்தினால் தராசைத்தான் பழுது பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் பக்கத்து நியாயம். அது இல்லாமலில்லை.

ராமன் சொன்னார், முதலியார் கேட்டார், நாட்டுக்கு நல்லதாகப் போயிற்று. ஆனால் பரிந்துரை என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாருடைய ஆள், எந்த ஊர், எந்தச் சாதி, யாரிடம் பிஎச்.டி. செய்தவர் என்ற கேள்விகளுக்குப் பிறகுதான் பாடம் பற்றிய கேள்வி வரும் காலம் இருந்தது. இன்னும் போய்விடவில்லை என்பாரும் உண்டு. அந்த இருட்டில் எண் ஒரு விளக்காக வந்தது. சின்ன ஊர்க் கல்லூரியில் படித்த, யாரையும் தெரியாத ஒரு பிள்ளை, "இதோ என் மதிப்பெண், இதைத் தாண்டி என்னைத் தள்ள உங்களால் முடியாது" என்று நிற்பதற்கு அது உதவியது. 2010-ல் மானியக் குழு, ஆசிரியரின் பணிகளுக்கு மதிப்பெண் போடுகிற ஏ.பி.ஐ. புள்ளிமுறையைக் கொண்டுவந்தபோது நான் மகிழ்ந்தவள். எண்ணே வேண்டாம், பழையபடி முகம் பார்த்துப் போடுங்கள் என்று நான் எழுதினால் என் மாணவிகள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த விளக்கு இப்போது எங்கே எரிகிறது? எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டில் மொய் எழுதுவார்கள். நோட்டுப் போட்டு, பெயர், ஊர், தொகை எல்லாம் கணக்காக ஏறும். நான் உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு ஐந்நூறு எழுதினால், நீங்கள் என் வீட்டுக்கு ஆயிரமாகத் திருப்ப வேண்டும். தப்பில்லை, அது ஒரு கைமாற்று. மேற்கோளும் இப்போது அந்த நோட்டில் ஏறிவிட்டது. நான் ஒரு கட்டுரையை இதழுக்கு அனுப்பினேன். பெயர் தெரியாத மதிப்பீட்டாளர், பின்வரும் ஏழு அண்மைக் கட்டுரைகளையும் ஆசிரியர் குறிப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தார். ஏழிலும் ஒரு பெயர் பொதுவாக இருந்தது. மொச்சைக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த இடத்தில் நான் கொதித்து மறுத்தேன் என்று எழுத ஆசைதான். நான்கைச் சேர்த்தேன். மாணவிக்கு பிஎச்.டி. முடிக்க அந்தக் கட்டுரை வெளிவந்தாக வேண்டும். அந்த நான்கு மொய்யும் எங்கோ ஒரு நேர்காணலில், உங்களைப் போன்ற ஒரு குழுவின் முன்னால், ஒருவருடைய பெருமையாகக் கைப்பேசியில் தெரிந்திருக்கும். பின்னாளில் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் சேர அழைப்பு வந்தது, பரஸ்பரம் மேற்கோள் காட்டி உதவிக்கொள்ள. அதில் மட்டும் சேரவில்லை.

மேற்கோள் அட்டவணையைத் தொடங்கிய யூஜின் கார்ஃபீல்ட் நினைத்தது வேறு. ஒரு கருத்து எங்கே பிறந்து யார் யார் கைமாறி எங்கே போய்ச் சேர்ந்தது என்று தடம் பிடிக்கலாம் என்பதற்காக 1955-ல் அதை முன்வைத்தார். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதுமில்லை. மூலநூல் தொலைந்துபோய், உரையாசிரியர் எடுத்துக் காட்டிய மேற்கோளில் மட்டும் பிழைத்திருக்கிற பாட்டுகள் நம்மிடம் எத்தனை! அந்த உரையாசிரியர் அந்தப் பாட்டைப் படித்திருந்தார். அதுதான் வித்தியாசம்.

கேட்கப் போவது பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று கட்டுரைகளைக் கேட்டு வாங்குகிறீர்கள் அல்லவா, ஐந்து பேர் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒன்றை முதல் நாள் இரவு படித்துவிட்டு வாருங்கள். கட்டுரை ஒன்றுக்கு ஒரு கேள்வி போதும். "இதில் உங்கள் கையால் செய்தது எது?" என்று கேளுங்கள். ஜெல்லை ஓட்டியவரா, வெறுமனே பெயரைப் போட்டுக்கொண்டவரா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பொய் சொல்கிறவர்கள் பஃபரின் பி.எச். எவ்வளவு என்ற கேள்வியைத் தாண்ட மாட்டார்கள். மேற்கோள் எண்ணையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்கும்போது, யார் எதற்காக எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று இரண்டை மட்டும் திறந்து பாருங்கள். படியைப் பாராட்டியிருக்கிறார்களா, சாப்பாட்டையா, மொய் எழுதியிருக்கிறார்களா என்று அங்கே தெரியும். ஆய்வகத்தில் முறைகளை உருவாக்கித் தருகிறவர்கள், மற்றவர்களின் எந்திரத்தைப் பழுது நீக்கிக் கொடுக்கிறவர்கள், ரோஸ்பரோக்களும் ராண்டால்களும், அவர்களுக்கு உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் கிடையாது. அதையும் சேருங்கள். இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்று 2013-ல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் கேட்டுக்கொண்டது. கையெழுத்துப் போட்ட நிறுவனங்கள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டுவிட்டு நேர்காணலில் கைப்பேசியை எடுத்தால் பயனில்லை.

நேரம் இல்லை என்பீர்கள். ஒரு நாளில் இருபது பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நானும் சில குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் தடவை நானும் எண்ணைத்தான் பார்த்தேன். அன்று எதிரே உட்கார்ந்திருந்த பையனின் முகம் நினைவில் இருக்கிறது, அவன் ஆராய்ந்தது என்ன என்று நினைவில்லை.

என் கோப்பு இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, அதே பச்சை நாடாவோடு. அடுத்த சுற்றுக்கு விண்ணப்பிக்கும்போது அதையே அனுப்புவேன். இரண்டாவது கட்டுரையின் நான்காம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. மொச்சைப் புரதத்தை லௌரி முறையில் அளந்த அட்டவணை. அளந்த மாதிரிகள் டிரிஸ் பஃபரில் இருந்தன. ஸ்டாண்டர்டில் அதே அளவு டிரிஸ் சேர்க்காமல் விட்டுவிட்டேன். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிற அதே தவறு. கட்டுரை வெளிவந்து ஆறு வருடம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. அந்தக் கட்டுரையை இதுவரை 41 பேர் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள், ஒருவரும் எழுதிக் கேட்கவில்லை. நேர்காணலில் நீங்கள் கேளுங்கள். சரியான எண் எவ்வளவு என்று திரும்ப அளந்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியை ஒருத்தி